குடல் அழற்சியா, வெறும் டென்ஷனா? ஒரு மலப் பரிசோதனை எவ்வளவு சொல்லும்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் நெஞ்செரிச்சலைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு அங்கிருந்து இன்னும் கொஞ்சம் கீழே இறங்கப் போகிறோம். சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற பழக்கம் உள்ளவர்கள், தயவுசெய்து சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள். ஏனென்றால் இன்றைய விஷயம் மலம்.

சிரிக்காதீங்க. குடல் மருத்துவராக இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஒரு விஷயம் சொல்கிறேன். ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் நம்ம ஆட்கள் உடனே கையை நீட்டிவிடுவார்கள். ஸ்கேன் என்றால் வெறும் வயிற்றோடு காலையிலேயே வந்து நிற்பார்கள். "ஒரு மோஷன் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "அது வேணாம் டாக்டர், வேற எந்த டெஸ்ட் வேணும்னாலும் எழுதுங்க" என்பார்கள். அந்தக் கூச்சத்தால் நேரம் வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை, வீணாக்கியவன் நானே.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தம்பி

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். 23 வயது. படிப்பு முடித்து முதல் வேலை. கூட அவன் அம்மா. "சாப்பிட்டு முடிச்ச உடனே வயித்தைப் பிசையுது டாக்டர். ஓடணும். ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை போகுது" என்றான். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். அதற்குள் ஓர் இடத்தில் அமீபா என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் கேஸ் ட்ரபிள். அம்மா தன் பங்குக்குத் திருஷ்டியும் கழித்திருந்தார்.

நான் வயிற்றை அழுத்திப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் தட்டுப்படவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. ஹாஸ்டல் சாப்பாடு, ராத்திரி ஷிஃப்ட், புது வேலை டென்ஷன். எல்லாம் பொருந்தி வந்தது. ஐ.பி.எஸ். என்று எழுதினேன். (போலீஸ் ஐ.பி.எஸ். இல்லை, வயிற்று ஐ.பி.எஸ்., அதற்கு வருகிறேன்.) அப்போது கால்ப்ரொடெக்டின் என்கிற மலப் பரிசோதனை ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. சொல்லவும் செய்தேன். அம்மா விலையைக் கேட்டார். சொன்னேன். "மோஷன் டெஸ்டுக்கா இவ்வளவு?" என்றார். நான்தான் சொன்னேன்: "அவசரமில்லைம்மா, அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "அப்புறம்" 14 மாதம் கழித்து வந்தது. பையன் 9 கிலோ இளைத்திருந்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். கேமரா விட்டுப் பார்த்தபோது, சிறுகுடல் போய்ப் பெருங்குடலோடு சேருகிற இடம் புண்ணாகி, தழும்பேறி, குறுகிப்போயிருந்தது.

அந்த ஒரு பரிசோதனையை அன்றைக்கே செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும், என்ன தெரிந்திருக்காது? இன்றைக்கு நான் பேசப்போவது அதுதான்.

ஒரே வயிற்றுவலி, இரண்டு நோய்கள்

மாதக்கணக்கில் வயிற்றுவலி, அடிக்கடி மலம் கழிப்பது, வயிறு உப்புசம் என்று ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ வந்தால், மருத்துவர் மனதில் முக்கியமாக இரண்டு பெட்டிகள் இருக்கும்.

முதல் பெட்டி ஐ.பி.எஸ்., அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். இதில் குடலைத் திறந்து பார்த்தாலும், கேமராவில் பார்த்தாலும், சுத்தமாக இருக்கும். புண் கிடையாது, வீக்கம் கிடையாது. குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடுகிற நரம்புப் பேச்சுவார்த்தையும்தான் தாறுமாறாக இருக்கும். இதைச் சொன்னால் சிலர் "அப்போ எனக்கு மனசுலதான் வியாதின்னு சொல்றீங்களா?" என்று கோபப்படுவார்கள். அப்படியில்லை. வலி உண்மை, அவஸ்தை உண்மை. ஆனால் இந்த நோய் குடலை அரிக்காது, புற்றுநோயாக மாறாது.

இரண்டாவது பெட்டி ஐ.பி.டி., இன்ஃப்ளமேட்டரி பவல் டிசீஸ். தமிழில் குடல் அழற்சி நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குகிற நோய் இது. இதில் இரண்டு முக்கியமான வகைகள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலில் மட்டும் வரும். ஆசனவாய்க்கு மேலே மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும், உள்தோலைப் புண்ணாக்கும். க்ரோன்ஸ் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். குடல் சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கும். அதனால்தான் குடல் குறுகிப்போவது, குடலிலிருந்து வேறு உறுப்புக்கோ தோலுக்கோ துளை விழுவது போன்ற சிக்கல்கள் அதில் வருகின்றன. இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் குடல் சேதமாகும்.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் இரண்டு பெட்டிக்காரர்களும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான்.

சரி, எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி செய்துவிடலாமே? செய்யலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். மயக்க மருந்து, ஒரு நாள் லீவு, செலவு, சிறிய அளவில் ஆபத்து. ஐ.பி.எஸ். தான் ரொம்பவும் பரவலானது என்பதால், இப்படிச் செய்கிற கொலோனோஸ்கோபிகளில் பெரும்பாலானவை "நார்மல்" என்றுதான் முடியும். அதனால் கேமராவுக்கு முன்னால் ஒரு சல்லடை தேவைப்படுகிறது. யாருக்குக் கட்டாயம் கேமரா வேண்டும், யாருக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்று பிரித்துக் கொடுக்கிற சல்லடை.

மறுநாள் காலை தேரடி வீதி

குடல் சுவரில் அழற்சி என்றால் என்ன நடக்கிறது? ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை உண்டு. எங்கே பிரச்சினையோ அங்கே முதலில் ஓடுகிற பட்டாளம் அதுதான். குடல் சுவரில் அழற்சி வந்தால் நியூட்ரோஃபில்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போகும். போய்ச் சண்டை போட்டு, அங்கேயே செத்து, சுவரைத் தாண்டிக் குடலுக்குள் விழும். விழுந்தது மலத்தோடு கலந்து வெளியே வரும்.

இந்த நியூட்ரோஃபிலுக்குள் நிறைந்து கிடக்கிற ஒரு புரதம்தான் கால்ப்ரொடெக்டின். அந்த அணுவின் உள்திரவத்தில் இருக்கிற புரதத்தில் பாதி அளவுக்கு இது ஒன்றே இருக்கும். இதன் வேலை சுவாரஸ்யமானது. கிருமிகள் வளரத் துத்தநாகம், மாங்கனீஸ் போன்ற தாதுக்கள் வேண்டும். கால்ப்ரொடெக்டின் அந்தத் தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடிக்காமல், உதைக்காமல், ரேஷனை நிறுத்தியே எதிரியைப் பட்டினி போடுகிற வேலை.

தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் தேரடி வீதியில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நேற்று எவ்வளவு கூட்டம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கிடக்கிற காகிதக் கப், ஒற்றைச் செருப்பு, உடைந்த பலூன் எல்லாம் சொல்லிவிடும். மலத்தில் இருக்கிற கால்ப்ரொடெக்டினும் அப்படித்தான். குடல் சுவரில் எவ்வளவு பெரிய கூட்டம் கூடியது என்பதற்கு அது அடையாளம். இந்த உதாரணத்தை மறந்துவிடாதீர்கள், திரும்ப வேண்டியிருக்கும்.

"ரத்தத்துலயே பாத்துடலாமே டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஆனால் அவை உடம்பு முழுவதற்கும் பொதுவானவை. தொண்டைப் புண் வந்தாலும் ஏறும், மூட்டு வீங்கினாலும் ஏறும். இன்னொரு பக்கம், குடலில் புண் இருந்தும், குறிப்பாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸில், சி.ஆர்.பி. நார்மலாகவே இருக்கிறவர்களும் உண்டு. மலம் அந்தச் சுவரை உரசிக்கொண்டே வருகிறது. சம்பவ இடத்திலிருந்து நேரே வருகிற சாட்சி அது.

ஆஸ்லோவிலிருந்து நம் ஊர் லேப் வரை

இந்தப் புரதத்தை வெள்ளை அணுக்களிலிருந்து பிரித்து விவரித்தவர்கள் நார்வே நாட்டில், ஆஸ்லோவில், மாக்னே ஃபாகர்ஹோல் குழுவினர். அது 1980. அப்போது அதற்கு எல்1 புரதம் என்று பெயர். 1992-ல் ரோசெத், ஃபாகர்ஹோல் முதலானவர்கள் அதை மலத்தில் அளக்கிற முறையை வெளியிட்டார்கள். இந்தப் புரதம் குடல் கிருமிகளால் எளிதில் சிதைவதில்லை, அறை வெப்பத்திலும் உடனே அழிந்துவிடுவதில்லை. அதனால்தான் வீட்டில் எடுத்து லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிறது.

2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. குடல் அழற்சி நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 670 பெரியவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தப் பரிசோதனையை முதலில் செய்தால், கேமரா பரிசோதனை தேவைப்படுகிற பெரியவர்களின் எண்ணிக்கை 67 சதவீதம் குறையும் என்று கணக்கு வந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: 6 சதவீதப் பெரியவர்களுக்கு நோய் இருந்தும் பரிசோதனை தவறவிட்டு, கண்டுபிடிப்பு தாமதமாகும். இரண்டு எண்ணையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாத பெரியவர்களில் ஐ.பி.எஸ்.-ஐயும் ஐ.பி.டி.-ஐயும் பிரித்தறிய உதவும் பரிசோதனையாக இதைப் பரிந்துரைத்தது.

ரிப்போர்ட்டில் இருக்கிற எண்

ரிப்போர்ட்டில் ஒரு கிராம் மலத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று போட்டிருப்பார்கள். பொதுவாக நாங்கள் பார்க்கிற விதம் இது.

50-க்குக் கீழே: குடலில் அழற்சி இருக்கிற வாய்ப்பு மிகக் குறைவு. அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், தைரியமாக ஐ.பி.எஸ். வைத்தியத்தைத் தொடங்கலாம்.

250-க்கு மேலே: உள்ளே ஏதோ எரிகிறது. காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் கேமரா தேவைப்படும்.

50-க்கும் 250-க்கும் நடுவே: இது இழுபறியான இடம். 90 என்று வந்ததும் இரவெல்லாம் இணையத்தில் தேடி, காலையில் சிவந்த கண்ணோடு வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். இந்த இடத்தில் வழக்கமாகச் செய்வது, சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான். பலருக்கு அதுவே இறங்கிவிடும். ஏறிக்கொண்டே போனால் அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

லேபுக்கு லேப் முறை மாறும், எண்ணும் மாறும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எடுப்பதாக இருந்தால் ஒரே லேபில் எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் ஏறியது நோயா, மெஷினா என்று தெரியாது.

என்ன சொல்லாது?

இப்போது தேரடி வீதிக்குத் திரும்புவோம். குப்பையைப் பார்த்தால் கூட்டம் வந்தது தெரியும். எந்தச் சாமிக்குத் திருவிழா என்று குப்பை சொல்லாது. கல்யாண ஊர்வலமாக இருந்திருக்கலாம், கட்சிக் கூட்டமாகக்கூட இருந்திருக்கலாம்.

நான்கு நாள் முன்னால் வெளியில் சாப்பிட்டு வயிற்றால் போனாலும் கால்ப்ரொடெக்டின் ஏறும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை வாங்கிப் போடுகிறோமே, அவை குடலின் உள்தோலை உறுத்தி எண்ணை ஏற்றிவிடும். ஒரு அம்மா 310 என்ற ரிப்போர்ட்டோடு அழுதுகொண்டே வந்தார். விசாரித்தால், முட்டிவலிக்காகத் தினமும் காலையும் இரவும் வலி மாத்திரை. அவருடைய மூட்டு மருத்துவரிடமும் பேசி, அதை நிறுத்தி ஒரு மாதம் கழித்து எடுத்தோம். 40. அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் வகை மாத்திரைகளாலும் கொஞ்சம் ஏறலாம். அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு, முக்கியமாக நான்கு வயதுக்குக் கீழே, இயல்பாகவே எண் அதிகமாக இருக்கும். பெரியவர்களுக்கான 50-ஐ வைத்துக் குழந்தையைப் பார்த்துப் பயப்படக்கூடாது.

நம் ஊரில் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. குடல் காசநோய். டி.பி. என்றால் நுரையீரல், இருமல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குடலிலும் வரும். அதுவும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற அதே இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். க்ரோன்ஸுக்கும் அதே இடம்தான் பிடிக்கும். வலி, காய்ச்சல், இளைப்பு, குடல் குறுகுதல் எல்லாம் இரண்டிலும் வரும். கால்ப்ரொடெக்டினும் இரண்டிலும் ஏறும். அது இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? வைத்தியம் நேர் எதிர். க்ரோன்ஸுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து. டி.பி.க்கு மாதக்கணக்கில் கிருமியைக் கொல்கிற மருந்து. டி.பி. இருக்கிறவருக்கு க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் டி.பி. உடம்பெல்லாம் பரவலாம். அதனால் எண் அதிகமாக வந்துவிட்டது என்று நேராக மருந்தைத் தொடங்க முடியாது. கேமரா, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை, ஸ்கேன், டி.பி. பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் முடிவு. வெளிநாட்டு இணையதளத்தில் படித்துவிட்டு "எனக்கு க்ரோன்ஸ்தான் டாக்டர்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான்.

எதிர்த் திசையிலும் ஒரு எச்சரிக்கை. சிறுகுடலில் மட்டும் இருக்கிற க்ரோன்ஸில் சில சமயம் எண் அவ்வளவாக ஏறாது. எண் நார்மல், ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போகிறார் என்றால், ஆளைத்தான் நம்ப வேண்டும், எண்ணை அல்ல.

எப்படி எடுப்பது?

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வீட்டுக்குப் போனதும் முழிக்கிறார்கள்.

லேபில் மூடியோடு சின்னக் கரண்டி வைத்த டப்பா தருவார்கள். வீட்டில் இருக்கிற மருந்து பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வேண்டாம். கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் கலக்கக் கூடாது. அதனால் முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். பிறகு பழைய செய்தித்தாளையோ தூக்கிப் போடுகிற தட்டையோ விரித்து, அதில் மலம் கழித்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்தால் போதும். டப்பாவை நிரப்ப வேண்டியதில்லை. ஒருவர் முழுக்க நிரப்பி, பிதுங்கப் பிதுங்கக் கொண்டுவந்தார். லேப் பெண் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரே நாளில் ஒவ்வொரு தடவைக்கும் அளவு மாறலாம், அதனால் காலையில் முதலில் போவதை எடுப்பது நல்லது. தண்ணீராகப் போகிற சமயத்தில் எடுத்தால் புரதம் நீர்த்து, எண் குறைவாகக் காட்டலாம். மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் வருகிற நாட்களிலும் தள்ளிப்போடுங்கள். எடுத்த நாளே கொடுத்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் எவ்வளவு நேரம், எப்படி வைக்கலாம் என்று லேபிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம்.

நோய் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு

இந்தப் பரிசோதனையின் பெரிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். குடல் அழற்சி நோயில் வலி நின்றுவிட்டது என்பதற்காக, உள்ளே புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளியே சாம்பல், உள்ளே கங்கு.

2017-ல் லான்செட்டில் வெளியான காம் என்கிற ஆய்வில், க்ரோன்ஸ் உள்ள 244 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் முக்கியமாக அறிகுறியைப் பார்த்து மருந்தைக் கூட்டினார்கள். இன்னொரு குழுவில் அறிகுறியோடு கால்ப்ரொடெக்டின், சி.ஆர்.பி. எண்களையும் பார்த்துக் கூட்டினார்கள். 48 வாரம் கழித்துக் கேமராவில் பார்த்தபோது, முதல் குழுவில் 30 சதவீதம் பேருக்குக் குடல் ஆறியிருந்தது. எண்ணையும் பார்த்த குழுவில் 46 சதவீதம். அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கம் 2023-ல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், அறிகுறி அடங்கியவருக்குக் கால்ப்ரொடெக்டின் 150-க்குக் கீழே இருந்தால், அழற்சி ஓடுகிறதா என்று பார்க்க வழக்கமாகக் கேமரா விடத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது, ஒரு டப்பா சில கொலோனோஸ்கோபிகளை மிச்சப்படுத்தும்.

நீங்கள் அனுப்பிய கேள்விகள்

"மலத்தில் ரத்தம் பார்க்கிற டெஸ்ட்டும் இதுவும் ஒன்றா?" இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவைத் தேடுகிறது. பெருங்குடல் புற்றுநோயைச் சல்லடை போட்டுத் தேடப் பயன்படுவது அதுதான். கால்ப்ரொடெக்டின் தேடுவது அழற்சியை. இது நார்மல் என்பதால் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"வருஷாந்திர ஹெல்த் செக்கப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?" எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு இது தேவையில்லை. எங்கோ ஒரு வலி மாத்திரையால் 120 என்று வரும், அதைத் துரத்திக்கொண்டு நீங்கள் ஓடுவீர்கள்.

"எனக்கு எப்போது இந்த டெஸ்ட்டுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?" நல்ல கேள்வி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைக்கிற வயிற்றுப்போக்கு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், ஐம்பதை நெருங்குகிற வயதில் புதிதாக மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் அல்லது குடல் அழற்சி நோய். இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவரைப் பாருங்கள். அவர் கேமரா வேண்டும் என்றால் தட்டிக்கழிக்காதீர்கள்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது கவனித்திருப்பீர்கள். என்னிடம் முதலில் வந்த நாளில் அந்தத் தம்பிக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. அதை நான் ஹாஸ்டல் சாப்பாட்டின் தலையில் கட்டிவிட்டேன்.

தம்பி என்ன ஆனான்?

சதைத் துணுக்கு அனுப்பினோம், டி.பி.க்கும் சேர்த்துத்தான். ரிசல்ட் வரும்வரை அவன் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அன்னைக்கே அந்த டெஸ்டை எடுத்திருந்தா?" நான் சுற்றி வளைக்கவில்லை. "எண் அதிகமாத்தான் வந்திருக்கும்மா. முன்னாடியே கேமரா விட்டுப் பாத்திருப்போம். விலையை நீங்க கேட்டது தப்பில்லை. அவசரமில்லைன்னு நான் சொன்னதுதான் தப்பு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டி.பி. இல்லை, க்ரோன்ஸ் என்று உறுதியானது. மருந்து தொடங்கியபோது கால்ப்ரொடெக்டின் 1,100. குறுகின இடத்தில் வீக்கத்தால் வந்த பகுதி மருந்தில் இளகியது. தழும்பாகிப்போன பகுதி அப்படியே இருக்கிறது, அதற்கு ஒருநாள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்த 14 மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் எடை ஏறிவிட்டது, வேலைக்குப் போகிறான். சில மாதங்களுக்கு ஒரு தடவை டப்பாவைக் கொண்டுபோய் லேபில் கொடுக்கிறான். போன தடவை குறுஞ்செய்தி வந்தது: "டாக்டர், 140." கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.

அதற்குப் பிறகு என் பழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கோடு வருகிற இளம் வயதுக்காரருக்கு ஐ.பி.எஸ். என்று எழுதுவதற்கு முன்னால், எதை வைத்து அழற்சி இல்லை என்று சொல்கிறேன் என்பதைச் சீட்டிலேயே ஒரு வரி எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லையென்றால், டெஸ்ட் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். எல்லாருக்கும் இந்த விலை கட்டுப்படியாகாது. அதுவும் எனக்குத் தெரியும். முடியாதவர்களிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாமல், ஒரு தேதி குறித்து, எடை பார்க்க வரச் சொல்கிறேன். எடை மெஷினுக்குக் காசில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் சின்ன விஷயம்தான். மலம் கழிப்பதில் ஏற்பட்ட மாற்றத்தை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எத்தனை தடவை, ராத்திரியில் எழுப்புகிறதா, சளியா, ரத்தமா, எத்தனை கிலோ குறைந்தது. "வயிறு சரியில்லை" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடாதீர்கள்.

இது பொதுவான விளக்கம்தான், உங்கள் ரிப்போர்ட்டுக்கான பதில் உங்கள் மருத்துவரிடம் இருக்கிறது. அடுத்த எபிசோடில் ஐ.பி.எஸ். இருக்கிறவர்கள் என்ன சாப்பிடலாம் என்று பார்ப்போம். நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம், பயமில்லை.